தண்ணீர் புகாத செட்டு

பழைய செட்டைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அவள் ரேடியோக்கடைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பை அவள் கையால் தைத்தது. ஜீப்புக்குச் சீட்டு உறை போட்டபோது மிஞ்சிய தடித்த துணி, அடியில் இரட்டைத் தையல். செட்டு ஒரு செங்கல் கனம்கூட இராது. ஆனாலும் அவளுக்குத் தொடை மரத்துப் போயிருந்தது.

கடை ஒடுக்கமாக, ரயில்பெட்டி போல நீண்டு கிடந்தது. ஒரு பக்கம் சாவி செய்கிறவர், மறுபக்கம் டயர் கடை. நடுவில் ஈயப்பற்றுப் புகையும் பழைய ஒயர் வாடையுமாக இந்தக் கடை. ஊரில் ஹாம் ரேடியோ லைசென்ஸ், அதாவது சொந்தமாக வயர்லெஸ் வைத்துப் பேச அனுமதி, வைத்திருப்பவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். அந்த முப்பது பேருக்கும் செட்டு விற்றது, ரிப்பேர் பார்த்தது, பரீட்சைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது எல்லாம் இந்தக் கடைக்காரர்தான். பாம்புக்காதுக்காரர் என்று அவருக்குப் பட்டப்பெயர். தெருவில் போகிற ஸ்கூட்டரின் இருமலை வைத்தே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார்.

"மழைக்கு இன்னும் மூணே வாரம்தான் ஐயா," என்றான் அவள் புருஷன். "மேட்டுல இருக்கிற நாப்பது வீட்டுக்கும் மாவு, மருந்து எல்லாம் இப்பவே ஏத்தியாகணும். ஜீப்பைத் தயார் பண்ணிட்டேன். செட்டு இல்லாம ஏறக் கூடாதுன்னு தம்பி கண்டிஷனா சொல்லிட்டான். தண்ணி புகாததா ஒண்ணு குடுங்க. தண்ணிக்குள்ள போட்டாலும் பேசணும்."

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தண்ணிக்குள்ள போட்டா மீனே பேசறதில்ல. உனக்கு செட்டு பேசணுமா?"

அவன் சிரிக்கவில்லை. அவரும் உடனே சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து மூன்று பெட்டிகளை இறக்கினார்.

முதலில் கைக்கு அடக்கமான ஒன்று. பேசவிட்டபடியே அதை வாளித் தண்ணீரில் முக்கினார். உள்ளேயிருந்து ஒரு குரல் குமிழி விட்டுக்கொண்டு பேசியது. வெளியே எடுத்து உதறியதும் பளிச்சென்று பேசியது. "இது ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும். ஆனா அஞ்சு வாட்டுதான். உங்க மலைப் பள்ளத்துலேருந்து இதுல பேசினா பக்கத்துப் பாறைக்குக்கூட கேக்காது. இந்த ரெண்டும் வண்டியில பொருத்தறது, அம்பது வாட்டு. தெறிக்கிற தண்ணிக்கு அசையாது. முங்கினா மட்டும் ஆண்டவன் விட்ட வழி. செட்டோட முகத்தைத் தனியாக் கழட்டி உனக்கு முன்னால மாட்டிக்கலாம், உடம்பை உசரத்துல கூரைக்குக் கீழ கட்டிடலாம். எதை வாங்கினாலும் முதல்ல சாகறது மைக்குதான். அதுக்கு ரப்பர் உறை போடணும். ஏரியல் ஒயர் உள்ள நுழையற இடத்துல ஒரு தொங்கல் விடணும். தண்ணி ஒயரோடயே ஓடி வந்து, தொங்கல்ல சொட்டி விழுந்துடும். செட்டுக்குள்ள ஏறாது."

அவன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, திருகாணி இடுக்குகளை நகத்தால் தடவிப் பார்த்தான். ஜீப் மெக்கானிக்கின் நகம், கழுவினாலும் போகாத கறுப்பு.

"அது இருக்கட்டும்," என்றார் கடைக்காரர். "பழசு எங்கே? எதனால செத்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே எதை வாங்கறதுன்னு சொல்ல முடியும்?"

இதே வார்த்தையைத்தான் காலையில் அவள் கொழுந்தனும் சொன்னான். புருஷன் செட்டைக் குப்பையில் போடச் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. அவள் போடவில்லை. தையல் மேசைக்கு அடியில், வெட்டுத்துணி மூட்டைக்குப் பின்னால் அது கிடந்தது. போடவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை. கொழுந்தன் தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்துவந்து அதை வெளியே இழுத்து, தூசி தட்டி, "பழசையும் கொண்டு போங்க அண்ணி, பிரேதப் பரிசோதனை பண்ணிரலாம்" என்று அவள் கையில் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

கடைக்காரர் எட்டுத் திருகாணிகளையும் கழற்றி மூடியைத் திறந்தார். விளக்கை இறக்கிப் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அவள் டயர் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள ஒரு சொட்டுகூடப் போகலையேப்பா."

"நல்லாப் பாருங்க ஐயா. அன்னிக்கு என் இடுப்பு வரைக்கும் தண்ணி. செட்டு மேல அடிச்சு ஊத்திச்சு."

"அடிச்சிருக்கும். உள்ள போகலை. போயிருந்தா இந்தச் செம்புக் கோடெல்லாம் இந்நேரம் பச்சை பூத்திருக்கும்." அவர் ஒயர்களைக் கவ்வவைத்து, மீட்டரை வைத்து, மைக்கை அழுத்தினார். முள் எழுந்து எல்லைவரை போய் நின்றது. "பார்த்துக்க. முழு அம்பது வாட்டும் போகுது. அன்னிக்கு நீ பேசினது வெளியே போயிருக்கு. இந்த செட்டு பொய் சொல்லாது."

கடைக்காரர் மைக்கைக் கீழே வைத்தார்.

"அப்போ கேக்கற பக்கம்தான் பார்க்கணும்," என்று அவள் பக்கம் திரும்பினார். "வீட்டு செட்டு எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு." அவள் வெறும் பையை மடித்தாள். "மெஷின் ஓடிட்டிருந்துச்சு. அந்த இரைச்சல்ல..."

"அதெல்லாம் இல்ல," என்று அவள் புருஷன் குறுக்கே புகுந்தான். "இவ காதுக்குத் தப்பாது ஐயா. நான் இருமினாலே என்னன்னு கேப்பா. செட்டு நல்லாயிருக்கு, வீட்டு செட்டும் நல்லாயிருக்கு. அப்போ தப்பு நான்தான். பதட்டத்துல சேனலை மாத்தி வெச்சுட்டு, ஊமை மாதிரிக் கத்தியிருக்கேன். ஒண்ணரை மணி நேரம்."

அன்றைக்குப் புது செட்டு எதையும் எடுக்காமலே திரும்பினார்கள். துணிப்பை அவள் மடியிலேயே இருந்தது.

அவர்கள் வீட்டில் மூன்று பேர். அவன், அவள், அவன் தம்பி. தம்பிக்குப் பல்லி என்று பெயர் வைத்தது ரேடியோ கிளப்காரர்கள். எந்தச் சுவராக இருந்தாலும், எந்தக் கம்பமாக இருந்தாலும் ஒட்டிக்கொண்டு ஏறிவிடுவான். ஊரில் யார் வீட்டு மாடியில் ஏரியல் நின்றாலும் அது அவன் கட்டியது. மூன்று பேரும் சேர்ந்துதான் பரீட்சை எழுதினார்கள். அண்ணனும் தம்பியும் இரண்டாம் தடவை தேறினார்கள். அவள் ஒரே தடவையில்.

ரேடியோ அவர்களுக்கு விளையாட்டாகத் தொடங்கியதுதான். ஆனால் மேட்டு வீடுகளுக்கு ஜீப் ஓட்டத் தொடங்கியபின் அதுதான் கயிறு. அடிவாரம் தாண்டினால் செல்போன் செத்துவிடும். மேலே இருபத்து மூன்று கிலோமீட்டர் மண்பாதை, குறுக்கே இரண்டு ஓடை. மேல் ஓடைப் பள்ளத்திலிருந்து அலை வெளியே வர ஒரே ஒரு மலை இடுக்குதான் வாசல். பல்லி ஊரெல்லாம் அலைந்து பார்த்து, அந்த இடுக்குக்கு நேர் எதிரே மொட்டைமாடி இருக்கிற வீட்டைத் தேடிப் பிடித்தான். அதனால்தான் தண்ணீர் வராத, வெயில் தாங்காத அந்த மாடிவீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். வேறு யார் ஏரியலுக்கும் அந்தப் பள்ளத்துப் பேச்சு எட்டாது.

வீட்டு செட்டு அவள் தையல் மேசைமேல், நூல்கண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. மெஷின் மோட்டார் ஓடினால் செட்டு கரகரக்கும். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. கரகரப்புக்கு நடுவே அவன் குரல் வந்தால், காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு மைக்கைப் பிடிப்பாள்.

ஐந்து மாதம் முன்னால், அந்த நாள் காலை ஒரு சண்டை. பெரிதாக ஒன்றுமில்லை. அவளுடைய துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து அவன் ஒயர் வெட்டிவிட்டான். தையல்காரியின் கத்தரியைத் தொடுவது என்றால் அவள் கண்ணைத் தொடுகிற மாதிரி. அன்றைக்குப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு நாற்பது பச்சைத் திரைச்சீலை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கத்தரியைத் துணியில் வைத்தால் வெட்டவில்லை, கவ்வி இழுத்தது. "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று அவள் கேட்டாள். "ஒரு கத்தரிக்குப் போய் ஊரைக் கூட்டறியே" என்று அவன் கேட்டான். பல்லி நடுவில் நின்றுகொண்டு, அவித்த முட்டையை உரித்து வாயில் போட்டபடி, "சீக்கிரம் முடிங்க, வண்டி சூடாயிருச்சு" என்றான். அண்ணனும் தம்பியும் கிளம்பிப் போனார்கள். போகும்போது அவன் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சண்டை போட்டுவிட்டுப் போனால் மத்தியானம் செட்டில் கூப்பிட்டுச் சமாதானம் பேசுவது அவன் வழக்கம். நேரில் வராத இனிப்பெல்லாம் மைக்கில் வரும். மழை பிடித்துக்கொண்டது. மணி ஒன்றரை இருக்கும். அவள் இருபத்தாறாவது திரைச்சீலைக்கு மடிப்படித்துக்கொண்டிருந்தாள். செட்டு கரகரத்தது.

"வீடு... வீடு... ஜீப்பு..."

பாதிக் குரல். அவள் காலை எடுக்கவில்லை. வந்துட்டாரு, இப்போ வந்து கொஞ்சுவாரு என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்று நினைத்தாள். மறுபடியும் "வீடு..." என்றது. அவள் இடது கையை நீட்டி, சத்தக் குமிழைக் கீழே திருகினாள். கடைசிவரை திருகினாள். பிறகு இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டு மெஷினை ஓட்டினாள். ஆத்திரத்தில் தையல் நன்றாக ஓடியது. அன்றைக்குத் தைத்த அளவு அவள் என்றைக்குமே தைத்ததில்லை.

மேலே, மேல் ஓடையில், ஜீப் சறுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. தள்ள இறங்கிய பல்லியின் இடதுகால் பாறைக்கும் சக்கரத்துக்கும் நடுவில். ஒரு கையால் தம்பியின் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிக்கொண்டு, மறுகையால் மைக்கைப் பிடித்து அவள் புருஷன் ஒன்றரை மணி நேரம் வீட்டைக் கூப்பிட்டான். பிறகு தண்ணீர் வடிந்து இறங்கியதும் ஜாக்கியையும் கற்களையும் வைத்துக் காலை விடுவித்து, தம்பியைக் கரையில் படுக்கவைத்துத் தார்ப்பாயால் மூடிவிட்டு, அடிவாரத்துக்கு ஓடிப் போனில் கிளப்பைக் கூப்பிட்டான். கிளப் ஆட்கள் வண்டியோடு போய் இறக்கிவரும்போது இருட்டிவிட்டது.

அவள் வேலையை முடித்துவிட்டு நான்கு மணிக்குக் குமிழை ஏற்றியபோது வெறும் இரைச்சல்தான் வந்தது.

"ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்," என்றார் டாக்டர். அவள் புருஷன் ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "செட்டுல தண்ணி போயிடுச்சு. கழுத்தறுத்துடுச்சு. உனக்கு ஒண்ணுமே கேக்கலைதானே?" என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் அவள் சொன்ன பொய். வாயைத் திறக்கவேயில்லை.

மூன்றாவது வாரம் அந்த வார்டில் புதுத் திரைச்சீலை மாட்டினார்கள். "அண்ணி தைச்சது," என்று பல்லி நர்ஸிடம் பெருமையாகக் காட்டினான். அவள் ரொட்டியைப் பாலில் நனைத்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். "பல்லிக்கு வால் போனா முளைச்சிரும்பாங்க," என்றான் அவன். "டாக்டர்கிட்டக் கேட்டேன் அண்ணி, காலுக்கு அப்படி வசதி இல்லையாம்." நர்ஸ் சிரித்தாள். ஊட்டிக்கொண்டிருந்தவள் கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் எழுந்துபோய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

ரேடியோக்கடையிலிருந்து வந்த மறுநாளிலிருந்து அவள் புருஷன் வேறு ஆளாகிப்போனான். ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வான். செட்டு இருந்த இடத்தில் கையைக் கொண்டுபோவான். கட்டைவிரலை வெறும் காற்றில் அழுத்துவான். "இங்க அழுத்தினேனா, இல்ல இங்கயா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வான். பட்டறைக்கு வந்த வண்டிகள் வாசலில் நின்றன. தட்டில் வைத்த ரொட்டி காய்ந்தது.

"விடுண்ணே," என்றான் பல்லி. "சேனல் மாறினா திரையில நம்பர் மாறும். நீ பார்க்காமலா இருந்திருப்பே?"

"நான் எங்கடா பார்த்தேன்? உன் மூஞ்சியைத்தான் பார்த்துட்டிருந்தேன்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "செட்டு மேல பழியைப் போட்டுட்டு அஞ்சு மாசம் நிம்மதியா சாப்பிட்டேன். உன் காலை எடுத்தது நான்தான். இனிமே ஜீப்பு வேண்டாம். யார் கேட்டாலும் குடுத்துரு. என்னை நம்பி எவனும் வண்டியில ஏறக் கூடாது."

அவள் அடுப்படியில் நின்று இதைக் கேட்டாள். தேநீர்ப் பாத்திரம் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. பழி இரும்புப் பெட்டிமேல் இருந்தவரை, அவளால் எப்படியோ அதன் பக்கத்தில் படுத்து எழுந்து காலம் தள்ள முடிந்தது. இரும்புக்கு வலிக்காது. இப்போது அது அவன் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது, அவனும் வாங்கிக்கொண்டுவிட்டான். சொல்லிவிட வேண்டும் என்று தேநீரோடு வெளியே வந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். "சர்க்கரை போட்டிருக்கேன்," என்றாள். மறுநாள் பட்டறை வரை போனாள். வாடிக்கையாளர் ஒருவர் நின்றிருந்தார். அவர் போகும்வரை காத்திருந்தாள். அவர் போனதும் அவளும் திரும்பி வந்துவிட்டாள். சொல்ல வேண்டியது வாய்வரை வரும். எச்சிலோடு உள்ளே போய்விடும்.

வழி சொன்னது பல்லிதான். "இங்க உக்காந்து மண்டையை உடைச்சுக்கறதுக்குப் பதிலா ஓடைக்கே போவோம். அதே பழைய செட்டு, அதே பள்ளம், அதே சேனல். அண்ணி வீட்டுல இருக்கட்டும். கேட்டா கேக்குது, கேக்கலைன்னா பள்ளத்து மேல தப்பு. ஆள் மேல எதுக்குத் தப்பு?"

"நீ எப்படிடா வருவே?"

"ஒத்தைக் கால்லதான். ஜீப்புக்கு நாலு கால் இருக்கில்ல."

அதற்கு மூன்றாம் நாள் காலை வெளிச்சம் வந்ததும் கிளம்பினார்கள். பழைய செட்டை அதன் பழைய இடத்திலேயே பொருத்தியிருந்தார்கள். அவள் ரொட்டிக்குள் முட்டைப் பொரியலை வைத்துச் சுருட்டித் தாளில் மடித்துக் கொடுத்தாள். பல்லியின் ஊன்றுகோல்களைப் பின்சீட்டில் எடுத்து வைத்தாள். புருஷன் அவளைப் பார்த்து, "பதினோரு மணிக்குக் கூப்பிடுவேன். மெஷினை ஓட்டாதே," என்றான்.

அவள் மெஷினைத் துணிபோட்டு மூடினாள். சன்னலைச் சாத்தினாள். வீட்டு செட்டின் முன்னால் உட்கார்ந்தாள். குமிழ் பாதியில் நின்றது. அதை முழுக்க ஏற்றினாள். இரைச்சல் அறையை நிறைத்தது.

கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன? அந்த நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. அவள் பேசாமல் இருந்தால் போதும். பள்ளத்தின் மேல் பழி போகும். பாறைக்கும் வலிக்காது. புருஷன் நிமிர்ந்துவிடுவான். யாருக்கும் நட்டமில்லை. கிளம்பும்போது பல்லியும் அதற்கு வழிவிட்டுத்தான் போயிருக்கிறான். அவள் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

பதினொன்று அடித்துச் சில நிமிஷம்.

"வீடு, வீடு. ஜீப்பு பேசறேன். மேல் ஓடையிலேருந்து. கேக்குதா?"

பக்கத்து அறையில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஓடைத் தண்ணீர் கற்களில் விழுகிற சத்தம்கூடக் கேட்டது.

அவள் அசையவில்லை.

"வீடு, வீடு. ஜீப்பு." கொஞ்சம் இடைவெளி. "வீடு, கேக்குதா?" அடுத்த தடவை குரல் தாழ்ந்திருந்தது. "கேக்கலை போலிருக்குடா," என்று அவன் தம்பியிடம் சொன்னது பொத்தானை விடும் முன் உள்ளே வந்து விழுந்தது. அதில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இன்னொரு பொய்யை அவன் நெஞ்சில் வைத்துத் தைக்க அவளுக்குக் கை வரவில்லை.

மைக்கை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"கேக்குது," என்றாள். "நல்லாக் கேக்குது. அன்னிக்கும் கேட்டுச்சு."

அழுத்திய விரலை அவள் எடுக்கவில்லை. எடுத்தால் அவன் பேசுவான். அழுத்தியிருக்கும்வரை அந்தப் பக்கத்துக் குரல் வராது.

"குறுக்க பேசாதீங்க. பேசினா எனக்குச் சொல்ல வராது. நீங்க சேனலை மாத்தலை. செட்டுலயும் தண்ணி போகலை. ரெண்டு தடவை கூப்பிட்டீங்க, எனக்குக் கேட்டுச்சு. வீடு வீடுன்னு கூப்பிட்டீங்க. கத்தரிக்கோல் கோவம் எனக்கு. சமாதானம் பேசக் கூப்பிடறீங்கன்னு நினைச்சேன். கிடந்து தவிக்கட்டும்னு சத்தத்தைக் குறைச்சேன். குறைக்கலை, அணைச்சே வெச்சேன். நாலு மணி வரைக்கும் திரைச்சீலை தைச்சேன். ஆஸ்பத்திரியில நீங்க கேட்டப்போ தலையை ஆட்டினேன். அஞ்சு மாசமா அந்தத் தலையாட்டலைத்தான் சோறாத் தின்னுட்டிருக்கேன். தம்பி பக்கத்துல இருக்கும். கேக்கட்டும். அதுக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். உன் காலை எடுத்தது அண்ணன் இல்ல தம்பி. நான்தான். ஊட்டிவிட்ட கையாலதான் அணைச்சேன்."

வேறென்ன சொல்வது என்று தேடினாள். ஒன்றுமில்லை. விரல் வெளுத்துப்போயிருந்தது. எடுத்தாள்.

இரைச்சல். வெறும் இரைச்சல். அவள் குமிழைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கீழே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

வெகுநேரம் கழித்துப் பொத்தான் அழுத்துகிற சத்தம் வந்தது. பல்லியின் குரல்.

"அண்ணி." மூச்சு விட்டான். "அண்ணன் இறங்கிப் போயிருச்சு. தண்ணிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு. நான் கேட்டேன். எல்லாத்தையும் கேட்டேன்." பொத்தானை விட்டு மறுபடியும் அழுத்தினான். "எனக்குக் கோவம் வரலைன்னு சொன்னா அது பொய். ஆனா செட்டை அணைச்சிடாதீங்க. நாங்க இறங்கற வரைக்கும் அணைச்சிடாதீங்க."

"அணைக்க மாட்டேன்," என்றாள்.

முக்கால் மணி நேரத்தில் வர வேண்டிய கீழ் ஓடைக்கு அவர்கள் வர இரண்டரை மணி நேரம் ஆனது. அவள் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. கடைசியில் வந்தது அவள் புருஷன் குரல்.

"கீழ் ஓடை தாண்டியாச்சு."

அவ்வளவுதான்.

"கேட்டுச்சு," என்றாள் அவள்.

அதற்கப்புறம் பதினோரு நாள் அவன் அவளோடு பேசவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை. வைத்ததைச் சாப்பிட்டான், தட்டைத் தானே கழுவி வைத்தான். பட்டறைக்குப் போனான், வண்டிகளைப் பார்த்தான். முதுகு நிமிர்ந்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அவள் எதிரிலேயே "அண்ணிகிட்டச் சொல்லு" என்று தம்பியிடம் சொல்வான். பல்லி நடுவில் நின்று இரண்டு பக்கமும் சேதி கடத்தினான். முதல் நாலு நாள் அவனும் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் கடத்தினான். ஐந்தாம் நாள், பொய்க்காலுக்கு அளவெடுக்கப் போக அவள் அவனுடைய பேண்ட்டை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ள உங்களைத் திட்டிட்டுத்தான் வந்தேன் அண்ணி. இன்னும் முடியலை. சில நாள் வரும், சில நாள் வராது. மழை நாள்ல நிச்சயம் வரும்."

"வரட்டும் தம்பி. வாய்விட்டே திட்டு."

"திட்டறேன்." கொஞ்ச நேரம் ஊசி போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மடிப்பைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. பொய்க்கால் ஒரு விரக்கடை நீளமா இருக்குமாம்."

அவள் தையலைப் பிரித்து, மடிப்பை இறக்கினாள். கண்ணில் நீர் திரண்டு நூல் தெரியவில்லை. அவன் ஊசியை வாங்கி, நூலைக் கோத்து, அவள் கையில் கொடுத்தான்.

மழைக்கு ஐந்து நாள் இருக்கையில் மூன்று பேருமாக ரேடியோக்கடைக்குப் போனார்கள். போவோம் என்று சொன்னது பல்லி. "பழசுதான் நல்லாயிருக்கே, எதுக்குப் புதுசு?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "அது பேசினா எனக்குக் கால் வலிக்குது ஐயா. இல்லாத கால்," என்றான். கடைக்காரர் மேலே கேட்கவில்லை. ஐம்பது வாட் செட்டுகள் இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டுக்கும் உறை போட்ட மைக், இரண்டும் தெறிக்கிற தண்ணீருக்கு அசையாதவை.

"எதை எடுத்துக்கறே?" என்று அவள் புருஷனைக் கேட்டார்.

அவன் இரண்டையும் பார்த்தான். திருகாணிகளைத் தடவிப் பார்க்கவில்லை. "அவளையே கேளுங்க ஐயா," என்றான். "கேக்கப் போறவ அவதானே."

அதில் குத்தல் இருந்தது. இருந்ததை அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் அதில் குத்தல் மட்டும் இல்லை.

"ரெண்டையும் வண்டியில மாட்டிப் பேசினாத்தான் சொல்ல முடியும்," என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்த்து நேராக.

அவன் போனான். ஜீப் பேட்டரியில் முதல் செட்டை மாட்டி, தெருக்கோடி தாண்டி, மேட்டுச்சாலை வளைவு தாண்டிப் போய்ப் பேசினான். கடைக்காரரின் செட்டில் குரல் வந்தது. தெளிவாக, கொஞ்சம் தகரத்தில் பேசுகிற மாதிரி. திரும்பி வந்து மற்றதை மாட்டிக்கொண்டு போனான். டயர் கடையில் காற்றடிக்கும் மோட்டார் ஓடியது. அவள் செட்டுக்குக் கிட்டே குனிந்து காதை வைத்துக்கொண்டாள்.

"வீடு, வீடு. ஜீப்பு பேசறேன்." வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே அவன் நிறுத்தினான். "கேக்குதா?"

"இதுதான்," என்று அவள் கடைக்காரரிடம் சொன்னாள். "இதுல மூச்சும் கேக்குது."

"அப்போ அவனைத் திரும்பி வரச் சொல்லும்மா," என்று அவர் மைக்கை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் பொத்தானை அழுத்தினாள். "கேட்டுச்சு. வாங்க," என்று சொல்லிவிட்டு, உடனே விரலை எடுத்தாள்.